நான்கு கட்டில், நான்கு மொழி

பேரன்புக்குரிய அக்காவுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலியோடு நீயும், அந்த வலியின் வர்ணனையைக் கேட்டபடி அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகம் உன்னால் கெட்டது.

"சின்னக் காலேஜ்டா, சர்ச் நடத்துறது. எல்லாம் நம்ம சபைப் பிள்ளைங்க, இவளுக்குப் பேச்சுத்துணை கிடைக்கும்" என்று நீதானே சொன்னாய்? அவள் அம்மா போனதிலிருந்து வாய் திறக்காத பெண்ணாயிற்றே என்று நானும் நம்பி என் மகளைச் சேர்த்தேன். நேற்று விடுதிக்குப் போய்ப் பார்த்தால், அறையில் நான்கு கட்டில், நான்கு மொழி. ஒருத்தி ஏதோ மலைநாட்டுக்காரி. அவள் சிரிப்பதைத் தவிர வேறெதுவும் யாருக்கும் விளங்காது. இன்னொருத்தி முக்காடிட்டு ஜன்னலோரம் பாய் விரித்துத் தொழுகிறாள். மூன்றாமவள் கடவுளே இல்லை என்கிறாள், ஆனால் சேப்பலில் முன்வரிசையில் நின்று பாடுகிறாளாம். வார்டனம்மாவிடம் கேட்டால், "பாட்டுக்கு ஆள் பத்தலை சார். ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கல" என்கிறார்.

நான் வாசலில் நின்றதுதான் தாமதம், மலைநாட்டுக்காரி என் கருவிப் பையைப் பார்த்துவிட்டு, குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாயிற்று என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் ஒழுகும் குழாயின் முன் நிறுத்திவிட்டாள். நான் லிஃப்ட் மெக்கானிக் என்பதைச் சைகையில் எப்படிச் சொல்வது? கையை மேலே தூக்கிக் கீழே இறக்கிக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். மானம் போகக் கூடாதே என்று திருகினேன். குழாய் கையோடு வந்துவிட்டது. அறை முழுக்க வெள்ளம். உன் மருமகள் என்ன செய்தாள் தெரியுமா? பெற்ற அப்பன் நனைந்து நிற்க, அந்தத் தொழுகைப் பாயை முதலில் சுருட்டிக் கட்டில்மேல் போட்டாள். பிறகு, "அப்பா, கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று விடுதியே கேட்கக் கத்தினாள். ஒரு வருஷமாக எனக்கு 'ம்' என்பதைத் தவிர பதில் சொல்லாதவள். மற்ற மூவரும் அர்த்தம் தெரியாமலே "சும்மா இருங்க, சும்மா இருங்க" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

ஆகவே, முதல்வர் உன்னோடு படித்தவர்தானே, நம் மொழி பேசும் பிள்ளைகளின் அறைக்கு அவளை மாற்றச் சொல்லி உடனே பேசு.

ஆண்டவர் உன் முழங்காலையும் என் பொறுமையையும் தாங்குவாராக. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

பி.கு.: முதல்வரிடம் பேசாதே. இதைக் கிழித்துப் போட்டிருப்பேன், உன்னைத் திட்டியது வீணாகிவிடுமே என்று விட்டுவைத்தேன். இன்று மாற்றுத்துணி கொடுக்கப் போனபோது அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். நம் மொழியில், ஆஸ்பத்திரியில் அவள் அம்மா கடைசியாகத் தலைவாரிவிட்டதைப் பற்றி. மூவரும் ஒரே கட்டிலில் நெருக்கி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "அவங்களுக்கு ஒண்ணும் புரியாதேம்மா" என்றேன்.

"அதனாலதாம்ப்பா சொல்ல முடியுது. புரியிறவங்க பாதியிலேயே ஆறுதல் சொல்லிடுறாங்க."

அவள் என் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டாள்.

"நீங்களும் வந்து உக்காருங்கப்பா. புரியாத மாதிரி."

போய் உட்கார்ந்தேன், அக்கா. மலைநாட்டுக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.