என் விரல்களைப் பற்றி ஒரு நோட்டு

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் பரிபூரண சுகம். சுகமில்லை என்று என் மருமகள் போன் செய்தால் நம்பாதே. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான் இந்தக் கடிதம்.

விஷயம் என்னவென்றால், மூன்று வாரமாக அந்தப் பெண் ஒரு நீல நோட்டை வைத்துக்கொண்டு என் பின்னாலேயே அலைகிறாள். காலையில் கண்ணைத் திறந்தால், "மாமா, விரல் மடங்க எவ்வளவு நேரமாச்சு?" பல் விளக்கிவிட்டு வந்தால், "மாமா, ரெண்டு கையிலயும் வலியா, ஒரு கையிலயா?" வலியே இல்லம்மாங்கறேன், அவ என் மூஞ்சியைப் பார்த்துட்டு கடகடன்னு எழுதறா. இல்லைங்கறதுக்கு ஒரு வரி போதாதா? அரைப் பக்கம் எழுதறா! போன செவ்வாய்க்கிழமை சட்டைப் பொத்தான் போட முடியாம நின்னுட்டிருந்தேன். காஜா சின்னது, அவ்வளவுதான். தைச்சது நான்தான், அது வேற விஷயம். அதுக்குள்ள போனை எடுத்து என் கையைப் படம் பிடிச்சுட்டா.

கேட்டா, வெள்ளிக்கிழமை மூட்டு டாக்டர்கிட்ட போறோமாம், எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டுப் போகணுமாம். நாற்பது வருஷமா ஊராருக்கு அளவெடுத்துத் தைக்கிறவன்கிட்டயே அளவெடுக்கறா பாரு! என் பையன் ஏற்கெனவே, "போதும்பா, கடையை மூடிட்டு வீட்ல இருங்க"ன்னு நச்சரிக்கிறான். டாக்டர் கையால ஒரு சீட்டு வாங்கிட்டா என் கதை முடிஞ்சது. மெஷினை யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டு என்னை ஜன்னலோரமா உட்கார வச்சுடுவாங்க. கத்திரிக்கோல் பிடிக்காம நான் எதுக்கு ஆவேன், நீயே சொல்லு.

நானும் லேசுப்பட்டவன் இல்லை. வெள்ளிக்கிழமை கையை வெந்நீர்ல ஊறவச்சு, வலி மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டுத்தான் கிளம்பப்போறேன். இஸ்திரி போடாமலா துணியை ஆள்கிட்ட காட்டுவோம்? நம்ம குடும்பத்துல யாருக்காவது மூட்டு வீங்குமான்னு உன்கிட்ட கேட்பா. அப்பாவுக்கு விரல் கோணியிருந்ததைப் பத்தி மூச்சு விடாதே. கதவிடுக்குல மாட்டினதுன்னு சொல்லு. பத்து விரலுமான்னு கேட்டா, பெரிய கதவுன்னு சொல்லிடு.

மாப்பிள்ளையை ரொம்ப விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் திடகாத்திரமான அண்ணன்

பி.கு.: தபால்ல போட மறந்துட்டேன். இப்ப டாக்டரைப் பார்த்துட்டு வந்து எழுதறேன். டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "வீக்கம் ஒண்ணும் தெரியலையே"ன்னாங்க. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். மருமக நோட்டையும் படத்தையும் நீட்டினா. "இன்னைக்கு மாத்திரை எதாவது போட்டீங்களா?"ன்னாங்க டாக்டரம்மா. நான் மேல ஃபேனைப் பார்த்தேன். அவங்க நோட்டைப் புரட்டிப் படிச்சாங்க: காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கம், ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி வீக்கம். வெறும் வயசுத் தேய்மானம் மாதிரி தெரியலை, முடக்குவாதமா இருக்கலாம், ரத்தம் பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. நோட்டு மேஜை மேல திறந்து கிடந்தது. டாக்டரிடம் கேட்க வேண்டியதுன்னு தலைப்பு போட்டு அடியில ஒரே ஒரு கேள்வி: 'மாமா கடையை மூடாமல் தைக்க என்ன வழி?' சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா தைக்கறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்காம். எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு. அவ போன் பண்ணா அப்பாவோட பத்து விரலைப் பத்தியும் ஒண்ணுவிடாம சொல்லிடு. கதவெல்லாம் வேண்டாம். மேலே எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். முடியலைம்மா, விரல் வலிக்குது.