கீழிறங்கும் கோடு

மென்பொருள் பழுதானால் சரிசெய்கிறவர்கள் ஓரினம். அது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள் வேறினம். இந்த இரண்டாம் இனத்துக்குச் சட்டை கசங்காது. அவர்களில் ஒருவரைத்தான் இங்கே பார்க்கிறீர்கள். அலுவலகத்தில் அவருக்கு வளைகோட்டார் என்று பெயர். கேலி என்று அவருக்குத் தோன்றியதில்லை. படித்து வாங்கிய பட்டங்களோடு அதையும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு பெரிய மருத்துவமனையில், வார்டுகளுக்கு வேண்டிய மருந்தைக் கீழ்த்தளத்து மருந்தகத்தில் கேட்டனுப்பும் மென்பொருள் வாரத்துக்கு எத்தனை முறை படுத்துக்கொள்கிறது என்று எண்ணி, எண்ணியதைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கோடு போகிற போக்கிலிருந்து அது இனி எவ்வளவு காலம் நிமிர்ந்து நிற்கும் என்று கணிப்பது அவர் வேலை. புகார் வந்தால் பழுது. வராவிட்டால்? பழுதில்லை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கோடு இறங்கியது. முதலில் மளமளவென்று, பிறகு மெத்தென்று. வளைகோட்டார் அதைத் திரையில் பெரிதாக்கி, தொட்டிலை எட்டிப் பார்ப்பவர்போல் குனிந்து பார்ப்பார். கடைசியில் நிர்வாகத்துக்கு எழுதிவிட்டார்: மென்பொருள் தேறிவிட்டது, வார்டுகளிலிருந்து மருந்தகத்துக்குப் போகும் தொலைபேசியை எடுத்துவிடலாம்.

அந்த வார்டுகளில் ஒன்றின் தலைமைச் செவிலி அவர் மனைவி.

“ஏங்க, போனைப் பிடுங்கச் சொன்னது நீங்களா?”

“நானில்ல, கோடு. இப்பல்லாம் நல்லா ஓடுதில்ல?”

“ஓடுறது நாங்க. உங்க சாஃப்ட்வேர் பாதியில படுத்துடுது. போன்ல சொல்லி எடுத்து வைக்கச் சொல்லிட்டு, படியிறங்கி ஓடிப்போய் மருந்த வாங்கிட்டு வர்றோம்.”

“அப்புறம் ஏன் புகாரே வரல?”

“முன்னாடி புகாரையும் போன்லதான் சொன்னோம். நீங்கதானே எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே போடுங்கன்னு மாத்தினீங்க? படுத்துக் கிடக்கறதுல எப்படிப் போடுறது?”

“எழுந்ததும் போடலாமே?”

“எழுந்ததும் நோயாளியப் பாக்கறதா, உங்களுக்குப் புள்ளி அனுப்பறதா?”

வளைகோட்டார் யோசித்தார். பொய்யில்லை, உண்மையாகவே யோசித்தார். இதை ஒரு புள்ளியாக வைத்தால், அத்தனை அழகான கோட்டின் நுனியில் பரு முளைத்ததுபோல் இருக்கும்.

“நீ வீட்டுல சொன்னது கணக்குல வராதும்மா.”

“மூச்சுத் திணறி ஒருத்தர் கிடந்தா யாரைக் கூப்பிடுவேன்?”

“அப்படி நடந்தா முறைப்படி புகார் போடு.”

அவள் அதற்குமேல் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தொலைபேசி போயிற்று. அந்த வாரமே மென்பொருள் படுத்தது. எடுத்து வைக்கச் சொல்ல வழியில்லாமல், அவசர ஊசிக்காகப் படிகளில் தலைதெறிக்க ஓடிய தலைமைச் செவிலி கால் பிசகி விழுந்தாள், எலும்பு முறிந்தது. நொண்டிக்கொண்டே போய் ஊசியை வாங்கிக் கொடுத்தனுப்பிய பிறகுதான் உட்கார்ந்தாள். நோயாளி பிழைத்தார். வளைகோட்டார் பதறியடித்துக்கொண்டு வந்தார், கண்கூடக் கலங்கினார். கெட்டவரல்லர். ஆனால் படிக்கட்டில் விழுந்தது படிக்கட்டுக் கணக்கு. மென்பொருள் பற்றிப் புகார் எழுத வார்டில் யாருக்கும் நேரமில்லை. கோடு தரையைத் தொட்டது.

நான் கோடு போடுகிறவன் இல்லையே என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களைப் பற்றி வீட்டிலோ வேலையிடத்திலோ ஒரு குறை காதில் விழுந்து நெடுநாளாகிறதா? மிக்க மகிழ்ச்சி. அவர்கள் குறையைச் சொல்லிக்கொள்ள உங்களைத் தவிர வேறு ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.