நால்வர் ஏறிய படகும் மாமா அனுப்பிய புத்தகமும்

கடலூர் முதுநகர்,
13-2-1966, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய பூவராகன் மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகள் சௌந்தரம், ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அம்மா, அப்பா, இரண்டு ஆடுகள் எல்லாரும் சுகம். படகு மட்டும் சுகமில்லை. அண்ணாமலை நகரில் தாங்களும் அத்தையும், தாங்கள் தூசி தட்டும் நூலகத்துப் புத்தகங்களும் நலமாக இருக்க எல்லம்மனை வேண்டுகிறேன்.

நிற்க. எங்கள் குப்பத்துக்கு மீன்துறையார் எஞ்சின் படகு ஒன்று கொடுத்ததைத் தாங்கள் அறிவீர்கள். நான்கு பேருக்கு ஒரு படகு. அப்பா, கோவிந்தசாமி பெரியப்பா, பச்சமுத்து சித்தப்பா, இவர்களோடு ஆறு மாதம் எஞ்சின் பயிற்சி முடித்து வந்த தங்கராசு அண்ணன். மூத்தவர்கள் மூவரில் அப்பாவுக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதால் அதிகாரி அவரையே குழுத் தலைவர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, “பிப்ரவரி பத்தொம்பது, சனிக்கிழமைக்குள்ள படகு கடலுக்குப் போய் மீனோட திரும்பலைன்னா, வேற குப்பத்துக்கு மாத்திடுவேன்” என்றும் சொல்லிவிட்டுப் போனார். இன்று ஞாயிறு. படகு இன்னும் உப்பனாற்றைத் தாண்டவில்லை.

முதல் நாளே போயிருக்கும் மாமா. மாலை போட்டு, தேங்காய் உடைத்து, குப்பமே கரையில் நின்றது. ஆனால் மூத்தவர்கள் மூவரும் இருபது வருடமாகத் தங்கள் தங்கள் கட்டுமரத்தில் பின்னால் நின்று துடுப்புப் போட்டு மற்றவர்களை அதட்டியவர்கள். ஆகவே மூவரும் படகின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். முன்பக்கம் தூக்கிக்கொண்டது. சுக்கானில் ஆறு கைகள். தங்கராசு அண்ணன் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, “யாரு சொல்றதக் கேக்கட்டும்?” என்று கேட்டார். “எஞ்சொல்ல” என்று மூன்று குரல்கள் வந்தன. ஒருவர் வலப்பக்கம் இழுக்க, ஒருவர் இடப்பக்கம் தள்ள, படகு பிரகாரம் சுற்றுவதுபோல ஆற்றிலேயே மூன்று சுற்று சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இதுவும் பூசையில் சேர்த்தி என்று நினைத்துக் கரையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா மட்டும், “நாலு பேரு தூக்குற பாடையே நேராப் போவுது, நாலு பேரு ஏறுன படகு போவலியே” என்றாள்.

அந்த வாரம்தான் தாங்கள் அனுப்பிய இங்கிலீஷ் புத்தகம் வந்தது. முன் அட்டை இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது, தொழிற்சாலையில் புதிய முறை வரும்போது ஆட்களை ஒற்றுமையாக நடத்திச் செல்வது எப்படி என்பதாகும். தினமும் மாலையில் ஓர் அத்தியாயம் நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொல்வேன், அப்பா மறுநாள் அதைச் செய்வார். “மச்சான் அனுப்பிச்சது, வெள்ளக்காரன் எழுதுனது, ரெண்டும் தப்பாப் போவாது” என்பது அப்பாவின் நம்பிக்கை.

முதல் அத்தியாயம், எல்லாரையும் கூட்டி வைத்து அவரவர் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. அப்பா கூட்டினார். “ஒங்க கருத்தச் சொல்லுங்க” என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள் மாமா? நம் குப்பத்தில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்தாலே அது பஞ்சாயத்து. முதலில் பேசுகிறவர் பிராது கொடுத்தவர், அடுத்துப் பேசுகிறவர் குற்றவாளி. வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. கடைசியில் தங்கராசு அண்ணன் பொறுக்க முடியாமல், “எஞ்சினுக்கு எண்ண ஊத்தணும்” என்றார். உடனே பச்சமுத்து சித்தப்பா, “யார் மேல சொல்ற பிராது?” என்றார். “பிராதெல்லாம் இல்ல சித்தப்பா.” “அப்ப ஏன் மொதல்ல பேசுன?” பெரியவர்கள் இருக்கும்போது காரணமில்லாமல் பிராது கொடுத்த குற்றத்துக்காக அண்ணனுக்கு எல்லம்மன் கோயிலில் ஐந்து தேங்காய் அபராதம் விதித்துக் கூட்டம் கலைந்தது. எண்ணெய் ஊற்றவில்லை.

இரண்டாம் அத்தியாயம், வேலை செய்பவனைப் பலர் முன்னிலையில் பாராட்டு என்றது. அப்பா மீன் சந்தை நடுவில் நின்று, “பச்சமுத்து மாதிரி வல வீசறவன் இந்தக் கரையிலயே கெடையாது” என்று உரக்கச் சொன்னார். சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் சம்சாரம் பொன்னி சின்னம்மா மிளகாயும் உப்புமாக ஓடி வந்து அங்கேயே அவருக்குச் சுற்றிப் போட்டாள். “நல்லா இருக்கிற மனுசன ஏன் மாமா இப்பிடிப் பண்றீங்க? நாங்க ஒங்களுக்கு இன்னா கெடுதி செஞ்சோம்?” என்று அப்பாவைப் பார்த்து அழுதாள். சித்தப்பாவுக்கு அன்று மாலையே காய்ச்சல். மூன்று நாள் படுக்கை.

அவர் எழுந்ததும் மூன்றாம் அத்தியாயம். ஒவ்வொருவனும் எதை நோக்கிப் போகிறான் என்று தலைவன் அறிந்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்பா விடியற்காலையில் கரையில் காத்திருந்து, வலையைத் தோளில் போட்டு வந்த கோவிந்தசாமி பெரியப்பாவிடம், “அண்ணே, எங்கண்ணே போற?” என்று கேட்டுவிட்டார். கடலுக்குப் போகிறவரைப் போய்! பெரியப்பா அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். “அவன் கேட்ட கேள்விக்கு நான் போற எடம் சுடுகாடுதான்” என்று வாசலிலிருந்து கத்தினாராம். அப்பா என்னைக் கோபித்துக்கொண்டார். நான் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்.

நான்காவதாக நானே ஒரு யோசனை செய்தேன். பள்ளியில் இருப்பதுபோலக் கால அட்டவணை. திங்கள் பெரியப்பா சுக்கான் பிடிப்பது, செவ்வாய் அப்பா, புதன் சித்தப்பா என்று சிவப்பு மையால் கோடு போட்டு எழுதி, சோற்றுப் பருக்கையால் படகில் ஒட்டினேன். திங்களன்று மற்ற இருவருக்கும் வயிற்றுவலி. செவ்வாயன்று பெரியப்பா வாடைக்காற்று என்றார், சித்தப்பா கொண்டல்காற்று என்றார், இரண்டில் எதுவானாலும் போகக்கூடாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். புதனன்று அட்டவணையே இல்லை. எங்கள் ஆடுகளில் ஒன்று ஏறிப்போய்த் தின்றுவிட்டது.

ஆகவே மாமா, தாங்கள் படித்தவர், கால்சட்டை போட்டவர். வெள்ளிக்கிழமைக்குள் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து வந்து, தலைவர் சொன்னால் கேட்க வேண்டும் என்று மூவருக்கும் எடுத்துச் சொல்லவும். அப்படியே அதிகாரிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதி இன்னும் ஒரு மாதம் தவணை வாங்கித் தரவும். அப்பா தன் கட்டுமரத்தைக் கொடுத்துவிட்டுத்தான் இந்தப் படகில் சேர்ந்தார். இதுவும் போய்விட்டால் அவர் அடுத்தவர் மரத்தில் கூலிக்கு ஏற வேண்டியதுதான். வெளியில் சிரிக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைக்கு முத்தங்கள். எல்லம்மன் அருளால் தங்களுக்கு இந்த வருடமாவது பதவி உயர்வு கிடைத்துப் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ச. சௌந்தரம்.

பின்குறிப்பு, செவ்வாய் மாலை: நேற்று வரலாற்றுப் பரீட்சை, தபால் பெட்டியை மறந்துவிட்டேன். அதுவும் நல்லதுக்கே. மாமா, வர வேண்டாம். மனுவும் வேண்டாம்.

இன்று காலை மற்ற மூவரையும் என்னையும் படகில் ஏற்றி வைத்து அப்பா கடைசி அத்தியாயத்தை விளக்க ஆரம்பித்தார். அது மிகவும் நீளமானது. தலைவன் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நிற்க வேண்டும் என்ற வரி வந்ததும் அப்பா என்னையும் புத்தகத்தையும் இறக்கிக்கொண்டு கரைமேல் ஏறி நின்றார். நான் படிக்க, அவர் உரக்கச் சொன்னார். ஏழாம் பக்கத்தில் கோவிந்தசாமி பெரியப்பா தங்கராசு அண்ணனைப் பார்த்தார். எஞ்சின் உறுமியது. பச்சமுத்து சித்தப்பா கயிற்றை அவிழ்க்கக்கூட இல்லை, அரிவாளால் ஒரே வெட்டு. படகு அம்புபோல நேராக முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது.

மத்தியானம் சூடை மீனும் காரப்பொடி மீனுமாக நிரம்பித் திரும்பி வந்தார்கள். சுக்கான் யார் பிடித்தது என்று பெரியப்பாவைக் கேட்டேன். “யாரு கண்டது புள்ள? ஒங்கப்பன் படிக்கிறது காதுல வுழாத தூரத்துக்குப் போயிடணும்னுதான் மூணு பேரும் பாத்தோம்” என்றார். அந்த நேரம் பார்த்து அதிகாரியும் வந்துவிட்டார். படகு இனி எங்களுக்கே என்று எழுதிக்கொண்டு, “இவங்கள ஒத்துமையா கெளப்பிவுட்டது யாரு?” என்று கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் அப்பாவைக் கைகாட்டினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. படகு முகத்துவாரத்தைத் தாண்டியபின் அப்பா “சரி, கெளம்புங்க!” என்று கத்தினார்தான், நான் பக்கத்தில் இருந்தேன்.

கிள்ளைக் குப்பத்தில் இதேபோல ஒரு படகு இரண்டு மாதமாகக் கரையிலேயே நிற்கிறதாம். அங்குள்ளவர்களுக்கு வழி சொல்ல அப்பா ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும் என்று அதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா புத்தகத்தையும் என்னையும் அழைத்துப் போகிறார். முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கப் போகிறோம். கிள்ளைப் படகு நிச்சயம் கடலுக்குப் போய்விடும் மாமா.