மூவாயிரம் நம்பர் ரீல்

எல்லோருக்கும் வாரத்தில் ஏழு நாள். எனக்கு மட்டும் ஆறு. ஏழாவது நாள் குரங்குகளுக்கு.

எங்கள் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசைக்கு, பின்னால் நாலு வீட்டுக்காரர்கள் வரிசையாகப் போஞ்சி, அதுதான் பீன்ஸ், போட்டிருக்கிறோம். நமுனுகுல மலைக் காட்டிலிருந்து இறங்கும் குரங்குகளுக்கு அந்தப் போஞ்சி மேல் அப்படியொரு பாசம். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி நிஷாந்தினி கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். லீவு நாளில் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனியாகக் கிடைக்கும் காசு அது. அவள் மலைக்கு. நான் காவலுக்கு. காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை ஒரு தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு ஓட வேண்டும். குரங்கு மேலே வந்தால் மேலே, கீழே வந்தால் கீழே. யார் யாரை விரட்டுகிறோம் என்பது பத்து மணிக்குப் பிறகு எனக்கே தெரியாது.

பக்கத்து வீட்டுக் காம்பரா ரமேஸுக்கும் ஞாயிறுதான் லீவு. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு குளத்தடிக்குப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவான். சும்மா உட்கார்ந்திருப்பான். அவன் போஞ்சியையும் குரங்கு தின்கிறது. அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் நாலு திலாப்பியாவோடு வந்தால் "கெட்டிக்காரன்" என்கிறார்கள். வெறுங்கையோடு வந்தால் "பாவம், நாள் முழுக்க வெயில்ல இருந்தான்" என்கிறார்கள். சும்மா இருந்ததற்குப் பாவம் பார்க்கும் ஒரே தொழில் அதுதான்.

அப்படி ஒரு ஞாயிறு அவன் வந்ததைப் பார்த்தபோதே சபதம் எடுத்தேன். நானும் மீன் பிடிப்பேன். நானும் கல்லில் உட்காருவேன்.

ரமேஸிடம் உபரியாக ஒரு தூண்டில் தடி இருந்தது. ரீல்தான் இல்லை. ரீல் வாங்கக் காசு வேண்டும். காசு வேண்டுமென்றால் நிஷாந்தினி வேண்டும்.

"என்னங்க, திடீர்னு மீன் மேல இம்புட்டு பக்தி?"

"எனக்காகவா கேக்குறேன்? புள்ளைகளுக்கு. மீன் தின்னா மூளை வளருமாம்."

"அப்ப நீங்களும் ரெண்டு தின்னுங்க."

"வெளையாடாத நிஷா. வாராவாரம் வீட்டுக்கு ரெண்டு மீன் வரணும். அது ஒன்னுதான் என் ஆசை."

"வேற ஆசை ஒன்னும் இல்லையே?"

"சத்தியமா இல்ல."

அவள் போஞ்சி விற்ற காசை எடுத்து நீட்டினாள்.

"வாங்குங்க. ஆனா ஆறு மாசத்துல ஒடையுற சாமான் வேணாம். அதுக்காக யானை வெலைக்கும் வேணாம்."

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் அவள் சம்மதித்த இன்னொரு விஷயம் எங்கள் கல்யாணம். அதில் எனக்கு என்ன நடந்தது என்று நாடறியும்.

மூன்று வாரம் நான் மனிதனாக இல்லை. போனில் ரீல் வீடியோ. சாப்பிடும்போது ரீல் வீடியோ. பண்டாரவளைக்கு மூன்று தரம் போனேன். பஸ் நிலையத்துக்கு மேலே புஹாரி நானாவின் கடை. ஆணி, வலை, நைலான் கயிறு, கூடவே ஒரு கண்ணாடிப் பெட்டி நிறைய ரீல்கள்.

"இதப் பாருங்க தம்பி, பன்னெண்டு பேரிங்!"

நான் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பதினாறு வருஷமாக ரோலர் மெஷின் பக்கத்தில் நிற்கிறவன். எந்தப் பேரிங் எப்போது போகும் என்று காதாலேயே சொல்லிவிடுவேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவே என்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். ரீலைக் காதில் வைத்துச் சுற்றினேன்.

"நானா, பன்னெண்டுல பதினொன்னு அழுவுது."

அடுத்தது பளபளப்பு. கைப்பிடியை அசைத்தால் விழப்போகிற பல் மாதிரி ஆடியது. அதற்கடுத்ததில் நூலைச் சுற்றிவிடும் கம்பி வளையம் ஒரு தரம் மூடினால் ஒரு தரம் மூடாது. நாலாவது ஜப்பான் சாமான். விலையைக் கேட்டதும் இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தேன்.

ஆறு ரீல் அப்படிப் போனது. ஏழாவது ஒரு கறுப்பு ரீல். பார்க்க லட்சணமில்லை. அஞ்சே பேரிங். உடம்பு முழுக்க உலோகம். இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒவ்வொரு சொடுக்காக நகர்ந்தது. காதில் வைத்தேன். சத்தமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"தாங்குமா நானா?"

"உப்புத் தண்ணிக்கே தாங்கும். ஒங்கட குளத்துத் தண்ணி இதுக்கு என்ன செய்யப் போகுது?"

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நிஷாந்தினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நூல் எம்புட்டுத் தூரம் போகும்?"

"இது ரெண்டாயிரம் நம்பர். நூறு மீட்டர் போகும்."

"இங்கேருந்து பைப்படி வரைக்கும் எட்டுமா?"

"கொஞ்சம் கொறையும்."

"அப்ப மாத்திட்டு வாங்க. பெரிசா வாங்குங்க. நூலும் தடிப்பா இருக்கட்டும்."

எந்த மனைவி இப்படிச் சொல்வாள்? ஓடினேன். மூவாயிரம் நம்பரோடு வந்தேன். மறுபடி விசாரணை.

"நாள் முழுக்கச் சுத்துனா கை வலிக்காதா?"

"ஒரு வெரல் போதும்."

"உக்காந்துக்கிட்டே சுத்தலாமா?"

"ராஜா மாதிரி!"

"கனமா ஏதாச்சும் மாட்டுனா?"

"ஆறு கிலோ வரைக்கும் அசையாது."

"மழையில நனைஞ்சா?"

"உப்புத் தண்ணிக்கே தாங்கும் நிஷா!"

"நல்ல சாமான்தான்" என்றாள். பதினோரு வருஷத்தில் நான் வாங்கிய சாமானுக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ். அன்று எனக்குச் சோறு கூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிறு விடிந்தது. தொப்பியைப் போட்டேன். தடியை எடுத்தேன். ரீலைக் காணோம்.

பின்னால் போய்ப் பார்த்தேன். தோட்டத்து மேட்டில் ஒரு கம்பம். கம்பத்தில் என் ரீல் சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. அங்கிருந்து நூல் கிளம்பி, நாலு வீட்டுப் போஞ்சிப் பாத்திகளையும் கடந்து, தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் நட்டிருந்த மூங்கில் கழியில் முடிந்தது. நூல் நெடுகப் பால்மா டின்கள். ஒவ்வொரு டின்னுக்குள்ளும் கூழாங்கல். கம்பத்தடியில் ஒரு நாற்காலி, மேலே குடை.

நிஷாந்தினி கைப்பிடியைச் சுற்றிக் காட்டினாள். நூல் இழுபட்டது, மூங்கில் வளைந்தது. விட்டாள். மூங்கில் நிமிர்ந்தது. இருபத்தெட்டு டின்களும் ஒரே நேரத்தில் அலறின. மரத்தில் இருந்த குரங்குக் கூட்டம் காட்டுப் பக்கம் பறந்தது.

"இது என்ன நிஷா?"

"நீங்க ஓடி ஓடி எளைச்சுப் போறீங்க. பாவமா இருந்துச்சு. இனி உக்காந்துக்கிட்டே சுத்துங்க, ராஜா மாதிரி."

"அப்ப மீனு?"

"அதெல்லாம் பேசியாச்சு. ரமேஸ் தம்பி தோட்டத்தையும் சேத்து நீங்க பாத்துக்கிறீங்க. அவரு வாராவாரம் ரெண்டு மீன் குடுத்துருவாரு. மாரிசாமி அண்ணன் வீட்டுல முட்டை. கடைசி வீட்டுல கீரை."

"அதில்ல நிஷா, நான்..."

"வாராவாரம் ரெண்டு மீன், அது ஒன்னுதான் ஆசைன்னு சத்தியம் பண்ணீங்களே? வேற ஏதும் ஆசை இருந்துச்சா?"

வாய்வரை வந்தது. ஆமாம், கல்லில் சும்மா உட்கார ஆசை. சொல்ல முடியுமா? சத்தியம் செய்தாயிற்றே.

"இல்ல" என்றேன்.

"போஞ்சிக் காசுல வாங்குனது, போஞ்சிக்குத்தானே ஒழைக்கணும்" என்று கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

முன்பாவது பரவாயில்லை. தட்டைத் தட்டுகிறவன் ஒரு மரத்தடியில் ஒதுங்கிக் கண் மூடலாம். ஒரு தட்டுச் சத்தம் மலைக்குக் கேட்காது. இருபத்தெட்டு டின் கேட்கும். கேட்காவிட்டால் அதுவும் கேட்கும். அஞ்சு நிமிஷம் நான் ஓய்ந்தால் கொழுந்து மலையிலிருந்து குரல் வருகிறது: "ஏங்க, தூங்குறீங்களா?" கொழுந்து பறிக்கும் நிரையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள்.

இப்போது எனக்கு ஒரே நம்பிக்கை, ரீல் பழுதாக வேண்டும். ஒரு மாதம் மழையில் விட்டேன். எண்ணெய் காட்டவில்லை. கை தவறியதுபோல ஒரு பிடி மணலும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஞாயிறும் காதை வைத்துக் கேட்கிறேன். ஒரு பேரிங் கூட அழவில்லை. அழுகிறவன் நான்தான்.

போன வாரம் மனம் விட்டுப்போய்ப் புஹாரி நானாவுக்கு போன் எடுத்தேன்.

"நானா, உண்மையச் சொல்லுங்க. இந்த ரீல் எப்ப கெட்டுப்போகும்?"

"ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தம்பி. ஒங்கட காலத்துக்குப் பொறகும் இது சுத்தும்."