இருபத்திரண்டு காரட் வைரம்

நகைக்கடை நிபுணர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர் நகை வாங்க மாட்டார், வாங்குகிறவர்களோடு வருவார். வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மோதிரத்தை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கி, விளக்குக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, "ம்ம்ம்..." என்று ஓர் இழுப்பு இழுத்து, விற்கிறவரைக் கலங்கடித்துவிட்டு, குடிக்க ஜில்லென்று ஏதாவது கிடைக்குமா என்று கேட்பார். அந்த 'ம்ம்ம்'முக்கு என்ன அர்த்தம்? அது அவருக்கும் தெரியாது.

நம் மாமா இந்த இனத்தில் அசல். ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் அவருடைய அக்கா மகள், முதன்முதலாகத் தன் சம்பளத்தில் ஒரு வைர மோதிரம் வாங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும், அவளுக்கு முன்பே போய்க் கடை வாசலில் நின்றார். போன வருஷம் அவர் 'ம்ம்ம்' என்றதால் ஆசைப்பட்ட தோட்டை விட்டுவிட்டு வந்தவள் அவள். இந்த மோதிரமாவது தப்ப வேண்டுமே என்று அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

"தங்கம் பதினெட்டு காரட் சார். கல்லு கால் காரட்," என்றாள் விற்பனைப் பெண்.

"என்னது, காலா? பதினெட்டே மட்டம்! அதுல கல்லு வெறும் கால் காரட்டாம்! யாரைம்மா ஏமாத்தப் பாக்குற? எங்க வீட்ல இருபத்திரண்டுக்குக் கீழ தொடவே மாட்டோம். இருபத்திரண்டு காரட் வைரமா எடு!"

பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள், எந்த நாட்டு ராஜா வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

"சார், அது கொட்டைப்பாக்கு அளவு இருக்கும்." விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தங்கத்துக்கு காரட்னா சுத்தம். கல்லுக்கு காரட்னா எடை. பதினெட்டுல கலப்பு கொஞ்சம் கூட, அதனால கெட்டியா இருக்கும். கல்லை விடாம புடிச்சுக்கும்."

மாமாவின் காது சிவந்துவிட்டது. நெற்றிக்கு ஏற்றியிருந்த கண்ணாடியை மெல்ல மூக்குக்கு இறக்கிக்கொண்டார். அக்கா மகளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதானே மனிதர் இந்த வெயிலில் ஓடி வந்திருக்கிறார்!

"மாமாவுக்குத் தெரியும்ங்க. நீங்க சரியா சொல்றீங்களான்னு பாத்தாரு," என்றாள்.

"அதான்!" மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பரவால்ல, விஷயம் தெரிஞ்ச பொண்ணு. தாராளமா வாங்கலாம்."

மோதிரம் தப்பித்தது. கடையை விட்டு இறங்கும்போதே மாமா அவளுக்குக் காரட்டின் இரண்டு அர்த்தங்களையும் நிதானமாக விளக்கத் தொடங்கியிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், அந்த இரண்டு காரட்டும் வேறு வேறு என்று பத்து வரிக்கு முன்னால் உங்களுக்குத் தெரியுமா? சரி, அது போகட்டும். நாளை வீட்டில் யாராவது நகை வாங்கக் கிளம்பினால், "இதுகூடத் தெரியாதா உனக்கு? இரு, நானும் வர்றேன்" என்று செருப்பைத் தேடப்போவது யார்?