எண்ணெய் தேய்த்தவன் எங்கே போவான்?

ஒரு கம்ப்யூட்டர் மொழியில் புதுசாக ஒரு வசதியைச் சேர்த்தால், அந்த மொழியில் ஓடுகிற அத்தனை மெஷினும் அதே நிமிஷம் நின்றுவிடும் என்று நான் நம்பினேன். விமானம் விழும், பேங்க் பூட்டும், போலீஸ் நேராகத் தென்காசிக்கு வந்து என் சட்டையைப் பிடிக்கும். ஐம்பது வயசில், ஒரு சாஃப்ட்வேர் ஆபீசுக்கு மேனேஜராக இருந்துகொண்டு இப்படி நம்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

காரணம், எங்கள் ஆபீஸ் ஒத்தமூச்சு அண்ணாச்சி. பூமியில் முற்றுப்புள்ளி தேவைப்படாத ஒரே மனிதர். டீக்கடையில் அவர் சொல்வதைக் கேட்கணும். "ரெண்டு டீ போடும், பால் புதுசுன்னா சீனி கம்மி, வடை சூடா இருந்தா ரெண்டு, இல்லன்னா அத விட்டுரும், கடைசில ஒரு தண்ணி." எல்லாம் ஒரே மூச்சு. கடைக்காரர் ஒருதடவைகூடப் பிசகினதில்லை.

பிசகினது நாங்கள் எழுதுகிற கம்ப்யூட்டர் மொழிதான். அதில் வேலைகளைச் சங்கிலி மாதிரிக் கோர்த்துக்கொண்டே போகலாம்: இதைச் செய், அடுத்து இது, அப்புறம் இது. நடுவில் ஒரு 'இருந்தா' வந்தால் போச்சு. சங்கிலியை அறுத்து, நிபந்தனையைத் தனியாக எழுதி, மறுபடி கோர்க்கணும்.

"டீக்கடைக்காரனுக்குப் புரியுது, மெஷினுக்குப் புரியாதா வேய்?" என்று கொதித்தார் அண்ணாச்சி.

அந்த மொழி பொதுச்சொத்து. பராமரிக்கிறவர்கள் நாலைந்து தேசத்தில் இருக்கிறார்கள்; யாரும் யோசனை சொல்லலாம். அண்ணாச்சி மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டார். அதுவும் ஆபீஸ் முகவரியிலிருந்து! அதில் அவர் கொடுத்த உதாரணம்: எண்ணெய் தேய், அருவி திறந்திருந்தா குளி, பரோட்டா தின்னு.

பதில்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்று வரும்போதும் வாசலில் போலீஸ் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். கடைசியில் பராமரிக்கிறவர்களில் ஒரு அம்மையார் கேட்டார்: 'நிபந்தனை பொய்யானால் கையில் ஒன்றுமே மிஞ்சாதே, சங்கிலியின் அடுத்த கண்ணி எதைப் பிடிக்கும்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் இந்த யோசனையை மூடிவிடுவோம்.'

அண்ணாச்சிக்கு முதல்முறையாக மூச்சு அடைத்தது. இரண்டு நாள் டீக்கடையில் "டீ" என்று மட்டும் சொன்னார். கடைக்காரர், "சாருக்கு மேலுக்கு முடியலியா?" என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

"அண்ணாச்சி, வாபஸ் வாங்கிரும். எனக்குப் பொண்டாட்டி பிள்ள இருக்கு" என்றேன்.

"எனக்கு மட்டும் என்ன, எருமையா இருக்கு? வாரும் வேய், குத்தாலத்துக்குப் போவோம்."

வியாழக்கிழமை, நல்ல சாரல். தலை முதல் கால்வரை எண்ணெய் தேய்த்து ஊறினோம். துண்டை உதறி எழுந்தால் போலீஸ் விசில்! நமக்குத்தான் என்று நான் சிப்ஸ் கடைக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை.

பசியோ பசி. எண்ணெய் வழிய வழிய பரோட்டாக் கடைக்கு நடந்தோம்.

"குளிக்கலியா?" என்றார் கடைக்காரர்.

"அடச்சிட்டாவ" என்றேன்.

"அப்ப பெஞ்சுல உக்காராதிய. நின்னே தின்னுங்க."

பிய்த்த பரோட்டாவோடு அண்ணாச்சி சிலையாகிவிட்டார். "வேய் மேனேஜரே! குளிக்கலன்னதும் நாம காணாமலா போயிட்டோம்? தேச்ச எண்ணெயோட அப்படியேல்லா அடுத்த எடத்துல வந்து நிக்கோம்! அதான் பதில்! நிபந்தனை பொய்யின்னா ஆள மாத்தாத, அழிக்காத, அப்படியே அடுத்த கண்ணிக்குத் தள்ளிவிடு!"

எண்ணெய்க் கையோடு என் போனைப் பிடுங்கி அங்கேயே தட்டி அனுப்பினார். சாட்சிக்கு ஒரு படமும் போனது: மினுமினுவென்று நான், வாயில் பரோட்டா.

யோசனையை ஏற்றுக்கொண்டு, அந்த மொழியின் புதுப் பதிப்பு வெளிவந்த அன்று காலை, பேங்க் திறந்திருக்கிறதா என்று நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திறந்திருந்தது. உலகத்தில் ஒரு மெஷினும் நிற்கவில்லை. மாற்றங்களின் பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது; அதற்குப் பக்கத்தில் எங்கள் அண்ணாச்சியின் முழுப்பெயர் இருந்தது. அதை அச்செடுத்து, சட்டம் போட்டு, ஆபீஸ் வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறேன். தண்ணீர் கேன் போடுகிறவருக்கு இதுவரை மூன்று தடவை காட்டிவிட்டேன்.