அரம் வழுக்கிய கத்தி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் வீட்டிலுள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மாடிக்கு ஏறுகிறது, அடுத்தது கிணற்றில் இறங்குகிறது. இவ்வளவு எழுதவே இரண்டு காலைப்பொழுது ஆகிவிட்டது. ஆனால் முழுக்க நானே எழுதுகிறேன். முதியோர் வகுப்பு டீச்சர்கூடக் கை வைக்கவில்லை!

உன் அக்கா போய் ஏழு மாதம் ஆகிறது. நீ அவளுக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் நாடா கட்டிப் பெட்டியில் வைத்திருந்தாள். அவற்றைப் படிக்கத்தான் வகுப்பிலேயே சேர்ந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் நான் செய்து அனுப்பிய கத்தியைப் பற்றி நீ எழுதியதை முதலில் தேடி எடுத்தேன். அன்று அவள் வாசித்துக் காட்டியது இன்னும் காதில் இருக்கிறது. "மாமாவோட கத்தியை கேன்டீனே கொண்டாடுதாம்!" அந்த வரியை இரண்டு நாள் தேடினேன். இல்லை. இருந்தது இதுதான்: "அக்கா, மாமா செஞ்ச கத்தி தக்காளியைக் கண்டாலே மடங்குது. காத்துல கதவு சாத்தாம இருக்க அடியில செருகி வெச்சிருக்கேன். அவருகிட்ட சொல்லிடாதே, உடைஞ்சு போயிடுவாரு."

ஒரு பக்கம் முழுவதையும் யார் துணையும் இல்லாமல் படித்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷம். படித்ததுதான் இப்படி. அவள் சொன்னதை நம்பி சம்பந்தி வீட்டுக்கு இரண்டு கத்தி, பல் டாக்டருக்கு ஒன்று என்று அனுப்பி வைத்தேனே, அவர்கள் ஏன் மூச்சே விடவில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது.

நீ கேன்டீன் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு நாள்தான். அதற்குள் ஒரு நல்ல கத்தி உன் கைக்கு வந்துவிட வேண்டும், கடைசி நாள் வெங்காயத்தையாவது என் கத்தியால் நீ நறுக்க வேண்டும் என்று பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கி வந்து பின்கட்டில் அடுப்பு மூட்டினேன், முதல் கத்தியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன், 'டிங்' என்று இரண்டாகப் போனது, அடுத்ததை எண்ணெயில் தோய்த்தேன், எண்ணெய் குபீரென்று பற்றி இடது புருவம் போனது, கண்ணாடியில் பார்த்தால் நானே என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறேன், ஆனால் கத்தி பிழைத்தது. எதிர்வீட்டு வெல்டர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "பெரியவரே, அரத்தை வெச்சு இழுத்துப் பாருங்க. அரம் கடிச்சா கத்தி மெத்து. வழுக்கினா நல்லா இறுகியிருக்கு" என்றார். என் பழைய அரத்தை எடுத்து இழுத்தேன். கண்ணாடிமேல் போவது போல வழுக்கியது! நுனி, நடு, அடி, எங்கே வைத்தாலும் வழுக்கல்தான். உன் அக்கா உட்காரும் நாற்காலியைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றேன். அதில் துவைத்த துணிதான் கிடந்தது. அதை மடித்து வைத்தேன்.

அப்புறம் இளஞ்சூடு காட்டி, தீட்டி, பிடி போட்டு, துணியில் வைத்துத் தைத்துவிட்டேன். இந்தக் கடிதமும் அதோடு வருகிறது. உன் விரல் பத்தும் பத்திரமாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசி. அடுத்த வாரம் மறுபடியும் எழுதுவேன், அதற்குள் 'ழ' கொஞ்சம் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: தபாலுக்குக் கிளம்பும்போது வெல்டர் வந்தார். என் அரத்தை வாங்கி அலுமினியக் கரண்டியில் இழுத்தார். அதிலும் வழுக்கியது. "இதுல ஒரு பல்லுகூட இல்லையே பெரியவரே! உங்க வாய் மாதிரில்ல இருக்கு!" என்றார். ஒன்பது வருடத்துக்கு முன் உனக்கு அனுப்பிய கத்தியையும் இதே அரத்தால்தான் பார்த்தேன். புது அரம் தருகிறேன், தையலைப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். நீயே தக்காளியில் வைத்துப் பார். மடங்கினால் மடங்கியது என்றே எழுது. மாற்றிப் படிக்க இங்கே யாரும் இல்லை. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.